குடல் அடைப்புக்கு பை வெச்சா கேன்சர் பரவுமா? அந்த மெசேஜை அனுப்பாதீங்க

"பெருங்குடல் கேன்சர்ல அடைப்பு வந்தா ஆபரேஷன் வேண்டாம், வயித்துல பை வெச்சா கேன்சர் உடம்பு பூரா பரவிடும், பேதி மருந்து குடிச்சா அடைப்பு தானா விட்டுரும்"னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்துது. தப்பு, அதுவும் உயிருக்கே ஆபத்தான தப்பு.

கட்டி முழுசா அடைச்சிருக்கும்போது பேதி மருந்து குடிச்சா குடல் இன்னும் வேகமா தள்ளும், ஆனா போக வழி இல்லாம காத்தும் மலமும் சேர்ந்து குடல் ஊதிக்கிட்டே போகும், பெருங்குடல் ஆரம்பிக்கிற இடம்தான் அகலம் ஜாஸ்தி, அதனால அழுத்தம் தாங்காம பெரும்பாலும் அங்கதான் கிழியும், ஸ்கேன்ல அது 12 சென்டிமீட்டர் தாண்டுச்சுன்னா டாக்டர்ங்க பதறுறது அதனாலதான். கிழிஞ்சா மலம் வயித்துக்குள்ள கொட்டி செப்சிஸ் (கிருமித் தொற்றால உடம்போட உறுப்புகளே பாதிக்கிற ஆபத்தான நிலை) ஆயிடும்.

பை வெக்கிறதுன்னா கட்டிக்கு மேல இருக்குற குடலை வயித்துத் தோலுக்கு வெளிய கொண்டுவந்து, மலம் அங்க ஒட்டியிருக்குற பையில போக வழி பண்றது. வெளிய தெரியுற அந்தக் குடல் பார்க்க வாயோட உள்பக்கம் மாதிரி செவப்பா ஈரமா இருக்கும், தொட்டா வலிக்காது. கேன்சரை அது பரப்பாது. உடம்பு தேறினப்புறம் கட்டியை எடுக்க நேரம் கிடைக்கும், நிறைய பேருக்கு பின்னாடி பையை எடுத்துடலாம், சிலருக்கு நிரந்தரமா இருக்கும். சிலருக்கு ஸ்டென்ட்டும் (அடைச்ச இடத்தை விரிச்சு வழி பண்ற வலைக் குழாய்) வெப்பாங்க. உலக எமர்ஜென்சி சர்ஜரி சொசைட்டியோட 2017 கைட்லைன்ஸ் நெட்ல ஃப்ரீயாவே இருக்கு, படிச்சுப் பாருங்க.

தயவுசெஞ்சு அந்த மெசேஜை ஃபார்வர்டு பண்ணாதீங்க, குரூப்ல வந்தா இதைச் சொல்லுங்க. வயிறு உப்பி, காத்துகூட பிரியாம, வாந்தி வந்தா அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போங்க.