ரிமோட்டை அழுத்தினால் போதும் என்று சொல்லி விற்கிறார்களே!

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போன்ற பயண டிரெய்லரைக் குறுகிய இடத்தில் ரிமோட் மூலம் நகர்த்துவதற்கென்று விற்கப்படும் 'மோட்டார் மூவர்' (mover) என்ற கருவிகளைப் பற்றி எனக்கு அடங்காத கோபம் இருக்கிறது. கருவி கெட்டது என்பதற்காக அல்ல. அது எந்த நிலையில் வேலை செய்யும், எந்த நிலையில் கைவிட்டுவிடும் என்பதை விற்பவர்கள் வாய் திறந்து சொல்வதே இல்லை என்பதற்காக. விளம்பரங்களில் எல்லாம் ஒரே காட்சிதான். வழவழப்பான சமதளத்தில், நாலாபுறமும் இடம் விட்டு, காய்ந்த தரையில், புத்தம்புதிய டிரெய்லர் ஒன்று ரிமோட்டின் சொல்கேட்டு நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது. அப்படி ஒரு மைதானம் வைத்திருப்பவருக்கு மூவரே தேவையில்லை. சந்துக்குள்ளும் சரிவிலும் சரளைக்கல்லிலும் வண்டியை நுழைக்க வேண்டியவர்கள்தான் இதற்குப் பெரும் பணம் கொடுக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவைதான் மறைக்கப்படுகின்றன.

கருவியின் அமைப்பு எளிமையானது. டிரெய்லரின் அடிச்சட்டத்தில், அச்சுக்கு அருகே, இரு பக்கமும் ஒவ்வொரு 12 வோல்ட் மோட்டார் பொருத்தப்படுகிறது. மோட்டாரோடு இணைந்த உலோக உருளை டயரின் மேல் அழுந்திச் சுழன்று சக்கரத்தை உருட்டுகிறது. ஒரு சக்கரத்தை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் உருட்டினால் ஒற்றை அச்சு வண்டி தன் அச்சையே மையமாகக் கொண்டு திரும்பும். இதைத்தான் 'நின்ற இடத்தில் திரும்பும்' என்று பறைசாற்றுகிறார்கள்.

திரும்பும்தான், ஆனால் எவ்வளவு இடத்தில்? காரோடு இணைக்கும் முன்பக்க இழுகம்பியோடு சேர்த்து 7 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும் உள்ள ஒரு டிரெய்லரின் அச்சு, பின்சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இழுகம்பியின் முனை அச்சிலிருந்து 4 மீட்டர் தொலைவில் இருக்கும். அது முழு வட்டம் சுற்ற 8 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். அதைவிடக் கொடுமை பின்மூலையின் வீச்சு. வண்டியின் பக்கவாட்டுக்கும் சுவருக்கும் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், ஏறத்தாழ 6 பாகை திரும்பியதுமே பின்மூலை சுவரில் உரசிவிடும். அதற்குள் இழுகம்பியின் முனை பக்கவாட்டில் நகர்ந்திருப்பது வெறும் 40 சென்டிமீட்டர். பள்ளிக்கூடக் கோணக்கணிதம் தெரிந்த எவரும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய இந்தக் கணக்கை ஒரு விற்பனையாளராவது வாடிக்கையாளரின் வாசலை அளந்துபார்த்துச் சொல்லியிருக்கிறாரா? ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் முன்னால் நின்று இழுகம்பியையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்ணுக்கு எட்டாத பின்மூலையில் விளக்கு நொறுங்குகிறது. குறுகிய இடத்தில் இன்னொருவர் பின்னால் நின்று கவனித்தே ஆக வேண்டும். ஒருவரே தனியாகச் செய்துவிடலாம் என்று சொல்லி விற்பது பொறுப்பற்ற செயல்.

அடுத்தது சரிவு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், ஏறக்கூடிய சரிவு இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது எந்த எடைக்கு என்பது பொடி எழுத்தில் வேறெங்கோ இருக்கும். மோட்டார் தரக்கூடிய உந்துவிசைக்கு எல்லை உண்டு. எடை இரட்டிப்பானால் ஏறக்கூடிய சரிவு ஏறத்தாழ பாதியாகும். 1,500 கிலோ வண்டியை 15 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 15 மீட்டர் உயரும் சரிவில், நிறுத்தினால், அதைக் கீழே இழுக்கும் விசை மட்டுமே ஏறக்குறைய 220 கிலோ எடைக்குச் சமம். இதற்கு மேல் டயரின் உருள்தடை, இழுகம்பியைத் தாங்கும் சிறு முன்சக்கரம் மண்ணில் புதைவதால் வரும் தடை, வாசலில் இருக்கும் சிறு மேடு எல்லாம் சேரும். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா, உள்ளே சாமான்கள் ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று எவரும் கேட்பதில்லை. காலி வண்டியின் எடையை வைத்துக் கணக்குப் போட்டு விற்றுவிட்டு, நிறைந்த வண்டி பாதிச் சரிவில் முனகி நிற்கும்போது 'உங்கள் தரை சரியில்லை' என்கிறார்கள்.

எனக்கு உண்மையாகவே ரத்தம் கொதிப்பது பேட்டரி விஷயத்தில்தான். கடினமான இடத்தில் இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 100 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் ஈய-அமில பேட்டரி அந்த மின்னோட்டத்தில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று பொருள் இல்லை. அந்த அளவு பெரும்பாலும் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுப்பதற்கானது. வேகமாக உறிஞ்சினால் கிடைப்பது வெகுவாகக் குறையும், குளிரில் இன்னும் குறையும். விளக்குக்கும் தண்ணீர் பம்ப்புக்கும் என்று வைத்திருந்த பழைய பேட்டரியோடு மூவரை இணைத்துக் கொடுத்துவிட்டு, இது போதும் என்று கைகழுவுகிறவர்கள் தொழில் தெரியாதவர்களா, தெரிந்தும் ஏமாற்றுகிறவர்களா?

மின்கம்பியிலும் இதே அலட்சியம். எங்கள் வண்டிக்கு மூவர் பொருத்தியவர் பேட்டரியை ஒரு கோடியில் விட்டுவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியை மறுகோடியில் வைத்து, கையில் கிடைத்த கம்பியால் இணைத்திருந்தார். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போய்த் திரும்ப 10 மீட்டர் ஓடினால், 100 ஆம்பியரில் கம்பியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் வீணாகிறது. ஏற்கெனவே பளு தாங்காமல் 11 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் பேட்டரியிலிருந்து இன்னொரு வோல்ட்டும் போனால், கட்டுப்பாட்டுப் பெட்டி மின்னழுத்தம் போதவில்லை என்று தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. அப்படி நடுவழியில் நின்றபோது அவர் சொன்ன பதில், பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்யுங்கள் என்பது. பேட்டரி முழுச் சார்ஜில்தான் இருந்தது. கம்பியைக் குட்டையாகவும் தடிமனாகவும் மாற்றிய பிறகு அதே பேட்டரியில் அதே இடத்தில் வண்டி ஏறியது. இந்த எளிய காரியத்தை முதல் நாளே செய்திருக்க வேண்டியவர், மாற்றியதற்குத் தனியாகக் கூலி கேட்டார் என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

லித்தியம் பேட்டரிக்கு மாறுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று அடுத்த விற்பனை தொடங்குகிறது. லித்தியம் பேட்டரி எடை குறைவு, மின்னழுத்தமும் எளிதில் இறங்காது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று ஒரு குறிப்பிட்ட ஆம்பியருக்கு மேல் போக விடாது. அந்த எல்லையைத் தாண்டினால் முன்னறிவிப்பு இல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். எத்தனை ஆம்பியர் தொடர்ச்சியாகத் தரும், சில நொடிகளுக்கு எவ்வளவு தரும் என்று கேட்டு வாங்காவிட்டால், புது பேட்டரியும் சரிவின் நடுவில்தான் உயிரை விடும்.

இரட்டை அச்சு வண்டிக்காரர்களின் நிலை இன்னும் மோசம். பக்கவாட்டில் திரும்பாத நான்கு சக்கரங்கள் தரையில் இருக்கையில் எந்த வண்டியும் உரசாமல் திரும்ப முடியாது. டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடுகின்றன, அச்சும் முறுக்கப்படுகிறது. கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, பெரிய வளைவாகத்தான் திருப்ப வேண்டும். அந்த வளைவுக்கு இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். ஈரமும் சேறும் ஒட்டிய டயரில் உருளை வழுக்கும், காற்று குறைந்தால் பிடிப்பு மாறும் என்பனவற்றை எல்லாம் வாங்கியவரே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எடையையும் விட்டுவிட முடியாது. ஒற்றை அச்சு மூவர் சுமார் 30 கிலோ. அதற்கென்று வைக்கும் ஈய-அமில பேட்டரி இன்னும் 20 கிலோவுக்கு மேல். காலி வண்டியின் மேல் ஏற்ற அனுமதிக்கப்பட்ட மொத்தச் சுமையே 150 கிலோவைச் சுற்றி இருக்கும் சிறிய வண்டியில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. மீதியில் எரிவாயு உருளை, தண்ணீர், துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். இதை ரசீதில் ஒரு வரியாக எழுதிக் கொடுக்க என்ன தடை?

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பிரேக் பற்றிய மௌனம். மூவர் இயங்க வேண்டுமானால் கை பிரேக்கை விடுவிக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயரில் அழுந்தியிருக்கும் உருளை மட்டுமே. கை பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் உருளையை விலக்க வேண்டும். வரிசையை மாற்றினால், ஒன்றரை டன் வண்டி சரிவில் தானாக உருளும். உயிரோடு சம்பந்தப்பட்ட இந்த வரிசையை ரிமோட்டின் முதுகிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். வாங்கும் நாளிலேயே வாடிக்கையாளரைச் செய்ய வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தடித்த கையேட்டின் நடுவில் புதைத்து வைத்திருக்கிறார்கள். மின்சாரம் முழுதாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று அதே கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேடினால், வண்டிக்கு அடியில் இருக்கும் திருகைச் சாவியால் திருப்பி உருளையைக் கையால் விலக்குங்கள் என்று எழுதியிருக்கிறது. சுவருக்கும் டயருக்கும் இடையே ஒரு முழங்கை கூட நுழையாத இடத்தில் நிற்கும் வண்டிக்கு அடியில் யார் எப்படிப் படுப்பது என்று, குறுகிய இடத்துக்காகவே இதைச் செய்து விற்பவர்கள் பதில் சொல்லட்டும்.