14 வயது கணக்கு பழசு

தம்பி, “14 முடிஞ்சா வேலைக்கு விடலாம், இந்தச் சிறுவர் அமைப்புக்காரர் சும்மா வந்து பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போறாங்க” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் பிழை. மட்டக்களப்பில் அப்படி ஒரு அமைப்பை நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன்.

இலங்கையில் 14 என்பது பழைய கணக்கு. கட்டாயக் கல்வி வயது 2016இலேயே 16 ஆகிவிட்டது, வேலைக்கான குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது, ஆபத்தான வேலை என்றால் 18. பள்ளிக்கூடம் விட்டு வந்து தகப்பனோடு வயலில் கொஞ்சம் கைகொடுப்பது வேறு. வகுப்பை விட்டுவிட்டு கரையோர மீன் வாடியில் விடியவிடிய மீன் தரம் பிரிக்கிற பிள்ளையின் கதை வேறு, அந்தக் கையில் உப்புப் புண் ஆறுவதே இல்லை.

அப்புறம், பிள்ளையைப் பிரிக்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது, அது நீதிமன்றத்தின் வேலை. நாங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் அரசின் நன்னடத்தைப் பிரிவுக்கோ அறிவிப்போம், அவ்வளவுதான். (அறிவித்த பிறகு அலைவது எங்கள் தலையெழுத்து.) 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே இலவசமாக அழைத்து முறையிடலாம், அதற்கு எந்த அமைப்பும் தேவையில்லை. முதலாளிமார் 14 என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.