ஊசி குத்தியதால் பரவவில்லை

மார்பகப் புற்றுநோயால் இறந்த நம் டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த நினைவேந்தல் கூட்டத்தின் காணொளியைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக அதை இங்கே பகிரப் போவதில்லை. அந்தப் பேச்சு இன்னும் ஒருவரிடம் போய்ச் சேர நான் காரணமாக இருக்க மாட்டேன். டீச்சரைப் பற்றி எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஒருவர் மட்டும் மைக்கைப் பிடித்து, "அந்தக் கட்டியைத் தொடாமல் விட்டிருந்தால் டீச்சர் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார். ஊசியைக் குத்திச் சதையை எடுத்தார்கள், அன்றோடு உடம்பு முழுக்கப் பரவிவிட்டது" என்றார். கூட்டம் தலையாட்டியது. முன்வரிசையில் டீச்சரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அம்மாவை அந்தப் பரிசோதனைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனவள் அவள்தான்.

ஊசி குத்தியதால் பரவவில்லை. இதை இந்தப் பதிவில் பலமுறை சொல்லப் போகிறேன். எரிச்சலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மேடையில் அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது பொறுத்துக்கொண்டவர்கள்தானே நாம்.

மகளின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். டீச்சரின் மார்பில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது போன வருடம் பொதுத்தேர்வு நேரத்தில். வலி இல்லை. வலி இல்லாததால் ஒன்றும் இருக்காது என்று நினைத்தார். தேர்வு முடியட்டும் என்றார், விடைத்தாள் திருத்தும் பணி முடியட்டும் என்றார். பிறகு யாரோ கொடுத்த சூரணத்தைப் பல மாதம் சாப்பிட்டார். கட்டிக்கு மேலே தோல் குழிந்து, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டபோதுதான் மகளிடம் சொன்னார். அதன் பிறகுதான் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, அதன் பிறகுதான் ஊசி, அதன் பிறகுதான் ஸ்கேன். ஸ்கேனில் எலும்பில் ஏற்கெனவே பரவியிருந்தது தெரிந்தது. ஊசிக்கு முந்தைய அத்தனை மாதங்களும் யார் கணக்கிலும் வரவில்லை. ஊசி குத்தியது ஒரு நாள், பரவியிருப்பது தெரிந்தது அடுத்த வாரம். உடனே ஊசிதான் பரப்பியது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் எந்தப் புற்றும் மார்பிலிருந்து எலும்புக்குப் போய்க் குடியேறி, ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடாது. கையில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது என்றாலே அதற்குள் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அது நமக்குத் தெரியாமலே வருடக்கணக்கில் அங்கே வளர்ந்திருக்கும்.

வலிக்காத கட்டி ஒன்றும் செய்யாது என்று நம் வீடுகளில் யார் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை. மார்பகப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிப்பதில்லை என்பதற்காகத்தான் பயப்பட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே இல்லை. ஆனால் எது புற்று, எது இல்லை என்பதைத் தடவிப் பார்த்து டீச்சரால் சொல்ல முடியாது, என்னால் முடியாது, அந்தப் பேச்சாளராலும் முடியாது. மருத்துவராலும் கையால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் மூன்று படி வைத்திருக்கிறார்கள்: மருத்துவர் கையால் சோதிப்பது, மேமோகிராமோ அல்ட்ராசவுண்டோ எடுப்பது, ஊசியால் சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அந்த மூன்றாவது படியைத்தான் "தொடாமல் விட்டிருந்தால்" என்று மேடையில் பழித்தார்கள்.

அந்தத் துணுக்கு இல்லாமல் வைத்தியமே தொடங்க முடியாது. புற்று என்று உறுதி செய்வதோடு அதன் வேலை முடிவதில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று அந்தத் துணுக்கில்தான் பார்க்கிறார்கள். ஹார்மோன் ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளை ஐந்து வருடமோ அதற்கு மேலோ சாப்பிடலாம். ஹெர்-2 இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசிமருந்து இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் வழி வேறு. ஒரே மார்பு, ஒரே கட்டி, ஆனால் மருந்து வேறு வேறு. எதுவும் தெரியாமல் கத்தி வைக்கச் சொல்கிறீர்களா?

இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. பயாப்ஸி என்கிற இந்தத் துணுக்குச் சோதனைக்குப் பயந்து, "கட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று பக்கத்துச் சிறு மருத்துவமனையில் அறுத்துக்கொள்கிறார்கள். அறுத்த சதையைப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். புற்று அங்கே பாதி மிச்சமிருக்கும், அக்குளில் நெறி கட்டியிருக்கும். ஒரு வருடம் கழித்து வரும்போது என்ன வகை, எவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்ல ஒரு காகிதம்கூட இருக்காது. ஊசிக்குப் பயந்தவர்கள் கத்திக்குப் பயப்படுவதில்லை என்பதை என்னால் இன்று வரை புரிந்துகொள்ள முடியவில்லை.

"நீங்கள் டாக்டரா?" என்று ஒருவர் அந்தக் காணொளியின் கீழேயே என்னைக் கேட்டுவிட்டார். இல்லை. நான் வங்கியில் வேலை செய்கிறேன். அந்தப் பேச்சாளரும் டாக்டர் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம், எந்தப் புற்றுநோய் மருத்துவரிடமும் கேளுங்கள் என்றுதான் அங்கேயும் எழுதினேன்.

"டாக்டர்களே சில கட்டிகளில் ஊசி குத்த மாட்டார்களாமே?" உண்மைதான், இது நியாயமான கேள்வி. விதைப்பையில் புற்று என்று சந்தேகம் வந்தால் பொதுவாக ஊசி குத்த மாட்டார்கள். இடுப்பு மடிப்பு வழியாக விதையையே முழுதாக எடுத்துத்தான் சோதிப்பார்கள். எலும்பு, தசைக் கட்டிகளில் ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்டு, பின்னால் அறுவையில் அந்த வழியையும் சேர்த்து எடுப்பார்கள். ஈரல் கட்டியில் ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டிக்கொள்வது அரிதாக நடக்கும். ஆகவே எங்கே குத்தலாம், எங்கே கூடாது, எப்படிக் குத்த வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அதற்கென்று விதிகள் இருக்கின்றன. அந்த அரிதான விஷயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மார்பிலும் வாயிலும் கருப்பை வாயிலும் சோதனையே கூடாது என்பது என்ன நியாயம்? மார்பில் ஊசி குத்தியதால் பரவவில்லை.

இனி என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகர் பக்கத்தில் ஒரு கிராமம். மாதவிலக்கு நின்று பல வருடம் ஆன பிறகு அத்தைக்கு மறுபடி உதிரம் பட்டது. சூடு என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார், இளநீர் குடித்தார். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வார்? மாமாவிடமா, மருமகளிடமா? மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் காட்ட வேண்டும், உறவுக்குப் பின் உதிரம் பட்டாலும் காட்ட வேண்டும் என்று அவருக்கு வாழ்நாளில் ஒருவரும் சொன்னதில்லை. கடைசியில் நான்தான் மதுரைக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் சதைத் துணுக்கு எடுத்தார்கள். கருப்பை வாய்ப் புற்று, இரண்டாம் நிலை. ஐந்து வாரத்துக்கு மேல் கரண்ட், அதாவது வெளியிலிருந்து கதிர்வீச்சு, வைத்தார்கள், வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள், பிறகு கருப்பைக்குள்ளேயே கருவியை வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அத்தை பிழைத்தார். இன்றைக்கும் இருக்கிறார், களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு. அவருக்கும் சதையைக் கிள்ளித்தான் எடுத்தார்கள். எங்கே பரவியது? சொல்லுங்கள்.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 வாக்கில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்க்கவைத்துத் தடவி, வெண்மையாக மாறுகிற இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிற எளிய சோதனை. சந்தேகம் இருந்தவர்களுக்குத் துணுக்கு எடுத்துப் பார்த்து, புற்றாக மாறும் முன்பே சிகிச்சை கொடுத்தார்கள். 2007ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது: கருப்பை வாய்ப் புற்று வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தது. நம் ஊர்க் கிராமத்துப் பெண்களிடம், செவிலியர்களை வைத்துச் செய்து காட்டியது. தொடாமல் விட்டதால் குறைந்ததா, தொட்டுப் பார்த்ததால் குறைந்ததா? இந்தியாவில் 2022ல் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள் என்று உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடிய, தடுப்பூசியால் பெருமளவு தடுக்கக்கூடிய நோயில் 80,000 சாவு.

வாய்ப் புற்றுக்கும் இதே கதைதான். வாயில் புண் வந்து மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை என்றால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், முன்புபோல் வாயைத் திறக்க முடியவில்லை என்றால் காட்ட வேண்டும். புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான் என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாக்கே புற்றுநோய்க் காரணி. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டு களிம்பு வாங்காதீர்கள்.

"நாட்டு மருந்தைக் கேவலப்படுத்துகிறீர்கள்" என்று அடுத்து வருவார்கள். யார் கேவலப்படுத்தியது? நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் வந்தன. ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு இன்றும் வின்கிறிஸ்டினைத்தான் ஏற்றுகிறார்கள். செடியில் இருந்ததைப் பிரித்தெடுத்து, எவ்வளவு கொடுத்தால் பிழைப்பார்கள், எவ்வளவு கொடுத்தால் சாவார்கள் என்று அளந்து கொடுக்கிறார்கள். டீச்சருக்கு வந்த பொட்டலத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 2018ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் பெயரைத் தாங்கிய இதழில் ஓர் ஆய்வு வந்தது. பரவாத நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு அதிகம். மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். அவர்களை ஊசி கொல்லவில்லை. காத்திருந்தது கொன்றது.

"தனியார் மருத்துவமனைகள் பணம் பறிக்கவில்லையா?" பறிக்கிறார்கள். அதை இன்னொரு நாள் பேசுவோம், நானும் வருகிறேன். ஆனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடி 1954ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இன்றும் இருக்கிறது. பணம் பறிக்கிறார்கள் என்ற கோபத்தை ஒரு பெண்ணின் மார்புக் கட்டியின் மேல் காட்டாதீர்கள்.

"இழவு வீட்டில் போய்ச் சண்டை பிடிக்கலாமா?" இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சண்டையைத் தொடங்கியது நானா? ஒரு மகளின் முன்னால், நீதான் உன் அம்மாவைக் கொன்றாய் என்று சொல்லாமல் சொன்னவருக்கு மரியாதை, அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாதவளுக்கு நாகரிகம் தெரியாது. அன்று இரவு அவள் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நான் அழைத்துப் போகாமல் இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இவ்வளவு நேரம் உங்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் ஊசி ஒரு சாக்குதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அத்தைக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். புற்று ஒட்டாது, தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. சொன்னேன், கேட்கவில்லை. சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது ஒரு கல்யாணத்துக்கு அத்தையைக் கூப்பிடவில்லை. அவர் காதுபடவே "இனி எத்தனை நாளோ" என்றார்கள். நோய் வந்தவரிடம் எதைச் செய்திருக்கக் கூடாது என்று சொல்ல ஆயிரம் பேர் வருகிறார்கள். கீமோ ஏற்றிய அன்று இரவு காய்ச்சல் அடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்ல ஒருவரும் வருவதில்லை. முடி கொட்டியதைப் பார்த்து அழ வருகிறார்கள். பெரும்பாலும் அது திரும்ப முளைக்கும் என்று சொல்வதில்லை. மார்பையே எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்; ஆரம்ப நிலையில் வந்தால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் முழு மார்பை எடுத்தவர்களைப் போலவே பிழைக்கிறார்கள் என்று 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002லேயே சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் டீச்சரிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் அத்தனை மாதம் மறைத்திருப்பாரா? மார்பு என்ற சொல்லைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லக் கூசும்படி அவரை வளர்த்தது யார்?

அந்தப் பேச்சாளருக்கு: உங்கள் நட்பு வட்டத்தில் நான் இன்னும் இருக்கிறேன், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்களும் வருவீர்கள். மைக் வேண்டாம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீ செய்தது சரி என்று அவளிடம் சொல்லுங்கள்.

நேற்றிலிருந்து உள்பெட்டியில், "எனக்கும் இடது பக்கம் ஒன்று இருக்கிறது, வலி இல்லை, பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறேன்" என்று எழுதிய சகோதரிக்கு: பரீட்சை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். புதன்கிழமை எனக்கு விடுமுறை. காப்பீட்டு அட்டையையும் ஆதாரையும் எடுத்து வையுங்கள், நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், சேர்ந்து போகலாம். ஊசி குத்துவார்கள் என்றால் குத்தட்டும்.