இரவல் கோடரி

ஸ்டாஃப் ரூம் அலமாரியில் நான் வைத்திருந்த புத்தகங்களில் பாதி இப்போது ஊருக்குள் ஊழியம் செய்துகொண்டிருக்கின்றன. "ரெண்டே நாள் டீச்சர்" என்று வாங்கிப் போனதுதான். போன லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) போன ஒன்று, அடுத்த லெந்தும் வந்துவிட்டது, வீடு திரும்பவில்லை.

பைபிளில் 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தில் ஒருவன், கோடரி யோர்தான் ஆற்றில் விழுந்ததும் "ஐயோ, என் ஆண்டவனே, அது இரவலாக வாங்கப்பட்டதே" என்று அலறுகிறான். அந்தப் பதைப்பு நம்மாட்களிடம் எங்கே? அங்கே எலிசா தீர்க்கதரிசி ஒரு கொம்பை வெட்டி எறிந்தார், இரும்பு மிதந்தது. என் புத்தகம் மிதக்கிற வழியாக இல்லை.

சரியென்று ஆராதனை முடிந்து வாசலில், அதை வாங்கிப் போன அக்காவைப் பிடித்தேன். கடன் வாங்கிச் செலுத்தாதவனைச் சங்கீதம் 37:21 துன்மார்க்கன் என்கிறது. அதை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? (நாக்கு நுனி வரை வந்தது.) அவரோ சிரித்துக்கொண்டே லூக்கா 6:30-ஐ எடுத்து வீசுகிறார். எடுத்துக்கொண்டவனிடம் திரும்பக் கேட்கக் கூடாதாம்! ஞாயிறு பள்ளியில் அந்த வசனத்தை அவர் பிள்ளைக்கு மனப்பாடம் செய்யவைத்ததே நான்தான்.

இன்னொன்று போன வாரம் வந்தது. 43-ஆம் பக்கத்தில் சாம்பார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடிக்கோடு. நான் பென்சில்கூட வைக்காத புத்தகம் அது!