வேப்பமரத்தடியில் ஆறு நாற்காலி

எங்கள் தெருமுனைப் பூங்காவைப் புதுப்பித்து ரெண்டு வருஷம் ஆகிறது. கிரானைட் பெஞ்ச், எட்டு வடிவ நடைபாதை, நீரூற்று (திறப்பு விழா அன்று ஓடியது), வாசலில் புல்லில் உட்காராதீர், பந்து விளையாடாதீர் என்று ஒரு பெரிய பலகை. காலை பத்துக்குப் பூட்டினால் சாயங்காலம் நாலுக்குத்தான் திறப்பு. நிழல் தேவைப்படுகிற நேரமெல்லாம் நிழல் உள்ளே, நாம் வெளியே.

வெயில் குடித்த கிரானைட்டில் ஆறு மணிக்குக்கூட உட்கார முடியாது. அதனால் பெரியவர்கள் சிலர் வீட்டில் கிடந்த பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வேப்பமரத்தோடு சேர்த்து சைக்கிள் செயின் போட்டு வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஆறு, அதில் ஒன்றுக்குக் கால் உடைந்து கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது. சாவி வாசலில் இஸ்திரி போடும் அக்காவிடம். அந்த மரத்தடியை அவர்களே பெருக்கிக்கொள்கிறார்கள். பத்தடி தள்ளி பெஞ்சுக்கடியில் சிப்ஸ் பாக்கெட் கிடந்தால் மட்டும் “கான்ட்ராக்ட் ஆள் வரட்டும்”. நானும் அப்படித்தான் சொல்வேன், பொய் சொல்வானேன்.

நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் என்று ஒன்று. 1970-களில் போதைமருந்து விற்கிற இடம் என்று பேர் வாங்கி, ஜனங்கள் ஒதுங்கிப்போன பூங்கா. வில்லியம் வைட் என்கிற ஆய்வாளரின் யோசனைகளைக் கேட்டு வழிகளை அகலமாகத் திறந்துவிட்டு, தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டு 1992-ல் திரும்பத் திறந்தார்கள். மனிதர்கள் உட்காரும் முன் நாற்காலியைக் கொஞ்சமாவது நகர்த்துவார்கள், தேவையே இல்லாவிட்டாலும் நகர்த்துவார்கள் என்பது வைட் பார்த்துச் சொன்னது. அந்த அரையடி நகர்த்தலில்தான் இடம் நம்முடையதாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தரையில் சிமென்ட் வைத்துப் பதித்த பெஞ்சை என்ன செய்ய முடியும், உட்காரலாம், எழுந்திருக்கலாம்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். பிள்ளை வயிற்றோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக வீட்டார் வழியோரம் நட்டு வைத்தது. தலைச்சுமையை இன்னொரு ஆள் கை கொடுக்காமலே இறக்கி வைக்கத் தோதான உயரம். யார் வருவார்கள், எவ்வளவு களைத்து வருவார்கள் என்று யோசித்தவர்கள் வைத்த கல் அது. நம் பூங்காவுக்குப் படம் போட்டவர் ஒருநாள் மதியம் இங்கே வந்து உட்கார்ந்து பார்த்திருப்பாரா, தெரியவில்லை.

போன வாரம் ஆய்வுக்கு ஆள் வருகிறது, நாற்காலிகளை எடுங்கள் என்றார்கள். சரி என்று இஸ்திரி வண்டிக்குப் பின்னால் அடுக்கினோம். வந்தவர்கள் நீரூற்றைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். ஜீப் தெருவைத் தாண்டுவதற்குள் அக்கா சாவியை நீட்டிவிட்டாள்.