தராசு பிடித்த வள்ளல்

டாரட் என்ற, குறி பார்க்கிற சீட்டுக்கட்டில் மொத்தம் 78 கார்டு. அதில் ஆறு காசு வரைந்த ‘சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ்’ விழுந்துவிட்டால் யூடியூபில் சீட்டுப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். “பிரபஞ்சம் உங்களுக்கு அள்ளிக் கொடுக்கப் போகுது, நீங்களும் நாலு பேருக்குக் கொடுங்க, திரும்ப எதையும் எதிர்பார்க்காம கொடுங்க.” நாகர்கோவிலில் இருக்கும் என் சித்தி மகள் காலையில் இதைக் கேட்காமல் அடுப்பு பற்றவைப்பதில்லை.

எனக்கு அந்தப் படம் அவ்வளவு இனிப்பாகத் தெரியவில்லை.

படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். சிவப்பு அங்கி போட்ட பணக்காரர் நடுவில் நிற்கிறார். அவர் காலடியில் கந்தல் போர்த்திய இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவர் கையில் காசு விழுகிறது. இன்னொருவர் காத்திருக்கிறார். நின்றவரின் மற்றக் கையில் தராசு. கொடுக்கிற மனிதனுக்குத் தராசு எதற்கு? யாருக்கு எவ்வளவு, யாருக்கு இப்போது, யாருக்கு அப்புறம் என்பதையெல்லாம் அவர்தான் நிறுக்கிறார். வாங்குகிறவர்களுக்கு அதில் ஒரு பேச்சும் கிடையாது.

இந்தப் படம் இருக்கும் சீட்டுக்கட்டை 1909-ல் லண்டனில் வெளிவரச் செய்த ஆர்தர் எட்வர்ட் வெயிட்டே, தன் விளக்கத்தில் ‘வணிகர் வேடத்தில் இருக்கும் ஒருவர்’ என்றுதான் ஆரம்பிக்கிறார். அந்த வணிகருடைய நல்ல மனசுக்கு மட்டுமல்ல, வாழ்க்கையில் அவர் ஜெயித்ததற்கும் இந்தக் கொடை சாட்சி என்கிறார். அந்த இரண்டாவது பாதியை எந்தச் சேனலும் சொல்வதில்லை. கார்டு தலைகீழாக வந்தால் ஆசை, பொறாமை என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். பெரிய வேலை, கிடைத்த காசோ ரொம்பக் குறைவு என்று அந்த வருஷமே நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கட்டு பிறகு உலகம் முழுக்க விற்றது. பதிப்பாளர் பெயரையும் வெயிட் பெயரையும் சேர்த்து ‘ரைடர் வெயிட்’ என்றுதான் வெகுகாலம் அழைத்தார்கள். வரைந்தவருக்குக் கார்டின் ஓரத்தில் ஒரு சின்ன முத்திரைக் கையெழுத்து, அவ்வளவுதான். 1951-ல் கடனோடு இறந்துபோனார். இந்தக் கார்டை வரைந்தபோது அந்தத் தராசைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். குமரி மாவட்டத்துக் கல்யாண மண்டபத்தில் சுருள் எழுதுகிற மேசையைப் பார்த்திருப்பீர்கள். மற்ற ஊர்க்காரர்கள் மொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எண்ணுவார், ஒருவர் நோட்டில் எழுதுவார். “அன்புக்குக் கணக்கா?” என்று இதைக் கிண்டல் செய்கிறவர்கள் நிறைய, அதிலும் வெளியூரில் படித்துவிட்டு வந்தவர்கள். எனக்கு அந்த நோட்டின் மேல் மரியாதை உண்டு. அதில் கொடுத்தவர் எப்போதும் கொடுத்தவராகவே இருப்பதில்லை. இன்று ஐந்நூறு வைத்தவர் வீட்டுக்கு நாளை நாம் ஆயிரம் கொண்டுபோவோம். நோட்டு இருப்பதால்தான் வாங்குகிற வீட்டுக்காரர் தலை நிமிர்ந்து, “சாப்பிட்டுட்டுத்தான் போணும்” என்று அதட்ட முடிகிறது. எதையும் எதிர்பார்க்காமல் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், திருப்பித் தரும் நிலைக்கு நீ என்றைக்கும் வரப்போவதில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டதாகவும் அதற்கு அர்த்தம் வரும்.

நோட்டுக்குக் கொடுமையும் உண்டு, மறைக்கவில்லை. வைக்க ஒன்றும் இல்லாதவர்கள் கல்யாணத்துக்கே வருவதில்லை. காய்ச்சல் என்பார்கள், பிள்ளைக்குப் பரீட்சை என்பார்கள். பழைய பாக்கிக்காக வட்டிக்கு வாங்கிச் சுருள் வைத்த வீடுகளும் எனக்குத் தெரியும். ஆனாலும் தராசா, நோட்டா என்று கேட்டால் நோட்டு என்றுதான் சொல்வேன்.

தராசை நேரிலும் பார்த்திருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்து வாழையும் ரப்பரும் சாய்ந்து, கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாமல், நாள் கணக்கில் கரண்டும் இல்லாமல் கிடந்த சமயம். நிவாரணம் கொண்டுவந்த ஒரு குழுவினர் அரிசிப் பையை நீட்டினார்கள். எதிரே நின்றவர் அதற்கு முந்தைய வாரம் வரை ஊர்த் திருவிழாவுக்குச் சும்மாவே குலை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த விவசாயி. போட்டோ சரியாக விழும்வரை குழுவினர் பையை விடவில்லை. “இந்தப் பக்கம் பாருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க.” அவர் பையை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு நடந்தார். அந்தக் குழுவுக்கு நல்ல மனசு இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயிட் சொன்ன இரண்டு சாட்சியும் அங்கே இருந்தன.

தராசும் நோட்டும் இல்லாத இடங்களும் நம்மிடம் இருக்கின்றன. சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு அரிசியும் தேங்காயும் வீடுவீடாக வந்து சேரும், பந்தியில் யார் எவ்வளவு தந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரைக் கும்பிட ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தலைப்பாகை கட்டவும் முண்டு தோளில் போடவும் விடாத திருவிதாங்கூர் காலத்தில் வந்த வழக்கம் அது. அன்னதர்மம் வாங்குகிற இடத்திலும் யாரும் யார் காலடியிலும் இல்லை. படம் வரைந்தவருக்கு இப்படி ஒரு வரிசையைக் காட்டியிருந்தால் ஆறு காசையும் வேறு மாதிரி போட்டிருப்பார்.

ஆகவே இந்தக் கார்டு உங்களுக்கு வந்தால் பணம் வருமா என்று கேட்பதற்கு முன், படத்திலிருக்கும் மூன்று பேரில் நீங்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற பணத்தை வாங்குகிற அப்பா எந்த இடத்தில் நிற்கிறார்? சம்பளத்தை முழுசாகக் கணவன் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் பைசா கேட்கிற பெண்? அவர் கொடுத்தவரா, வாங்குகிறவரா?

இதையெல்லாம் சித்தி மகளிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ எனக்குப் பைசா வருமா வராதா அண்ணே?” என்றாள். ஆவணியில் உன் மகள் கல்யாணம் வருகிறதே, கண்டிப்பாக வரும் என்றேன். “அது திருப்பிக் கொடுக்க வேண்டியதுல்லா!” என்று போனை வைத்துவிட்டாள்.