ஆறு பாய்வதற்குள் பஸ் வந்துவிட்டது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டுவதற்காகத் தலவாக்கலையில் நடந்த இசை நிகழ்ச்சிக்கு, ஆறும் மழையும் மலையுமே பாடுபொருள் என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்ததை நம்பி, 500 ரூபாய் கொடுத்து நான்கு மணிக்கே போய் உட்கார்ந்தேன். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை என்று ஆறேகால் வரை பேச்சுதான் ஓடியது. ஒருவர், 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி திருகோணமலைக்கு அருகே கடலில் கலக்கும் வரை அதனுடனேயே நடந்து போனவர் போலப் பேசினார். கொத்மலை ஓயா அதில்தான் போய்ச் சேர்கிறது என்பது, அதன் கரையிலேயே வாழும் எங்களுக்குத் தெரியாதா? பொன்னாடைகளை எண்ணிப் பார்த்தேன், 17. (அந்தக் காசுக்குச் சில மூட்டை சீமெந்தாவது வாங்கியிருக்கலாம்.)

மேடையோரத்தில் வயலின் வாசிக்கும் பிள்ளை, குளிரில் சுருதி விலகிக்கொண்டே போன தந்தியை மூன்றாவது முறையாகச் சேர்த்துவிட்டு, விரல்களை வாயருகே வைத்து ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக, மழைக்குரியதென்று சொல்லப்படும் அமிர்தவர்ஷிணி ராகத்தை அவள் தொடங்கி, ஆலாபனை களைகட்டும் நேரத்தில், எங்கள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸின் ஹோர்ன் வெளியே கேட்டது. பஸ் படியில் கால் வைத்தபோது, “நேரமின்மை காரணமாக” என்று அறிவிப்பாளர் தொடங்கினார். சுருக்கப்படப்போவது நன்றியுரை அல்ல என்பது எனக்குத் தெரியும்.